கட்டுச்சட்டையின் கணக்கு

கெட்டியான கித்தான் துணி. முன்பக்கம் திறப்பே கிடையாது; முதுகுப் பக்கம் நாடாவோ பக்கிளோ வைத்து இறுக்க வேண்டும். கைகள் விரல்நுனியையும் தாண்டி நீளும். நுனி தைத்து மூடப்பட்டிருக்கும். ஆளுக்கு மாட்டி, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே மாற்றிப் போட்டு, மிச்சத் துணியை முதுகுக்குப் பின்னால் இழுத்து முடிந்துவிட்டால் தீர்ந்தது. திமிறித் தலைவழியே கழற்றிவிடாமல் இருக்கக் கால்களுக்கு இடையே ஒரு வாரும் சில சட்டைகளில் உண்டு. ஸ்ட்ரெய்ட் ஜாக்கெட் எனப்படும் இந்தக் கட்டுச்சட்டைக்குள் இருப்பவர் நடக்கலாம், பேசலாம், கத்தலாம். மூக்கின்மேல் உட்காரும் ஈயை விரட்ட முடியாது. அரித்தால் சொறிய முடியாது. ஒரு வாய் உணவு, ஒரு மிடறு தண்ணீர், ஒன்றுக்குப் போவது எல்லாவற்றுக்கும் இன்னொருவர் வர வேண்டும். தடுக்கி விழுந்தால் கையை ஊன்ற வழியில்லை. முகம்தான் தரையில் மோதும்.

இன்று இதைத் திரைப்படத்திலும் கேலிச்சித்திரத்திலும்தான் பெரும்பாலும் பார்க்கிறோம். கொடுமையின் சின்னமாக அது நிலைத்துவிட்டது. ஆனால் அது மருத்துவமனைக்குள் நுழைந்தது கருணையின் பெயரால். அதை மாட்டிவிட்டவர்களில் பலர் தங்களைச் சீர்திருத்தக்காரர்கள் என்றே நம்பினார்கள்; அந்த நம்பிக்கையில் பொய்யும் இல்லை. ஒரு நல்ல எண்ணம் எப்படி இத்தகைய சட்டையாகத் தைக்கப்பட்டது என்பது பழங்கதை மட்டுமல்ல. மனநலம் பற்றிய நம்முடைய இன்றைய சட்டத்திலும் அந்தக் கதையின் பாடம் ஒரு வரியாக எழுதப்பட்டிருக்கிறது.

கட்டுச்சட்டைக்கு முன்னால் இருந்தது இரும்பு. லண்டனில் 1247-இல் தொடங்கப்பட்ட பெத்லெம் மருத்துவமனையில், ஜேம்ஸ் நோரிஸ் என்ற அமெரிக்க மாலுமி இருந்த நிலையை 1814-இல் எட்வர்ட் வேக்ஃபீல்டும் அவரோடு சென்றவர்களும் நேரில் கண்டார்கள். கழுத்தில் இரும்பு வளையம். அதிலிருந்து குட்டையான ஒரு சங்கிலி, சுவரோரம் நட்ட இரும்புக் கம்பத்தில் மேலும் கீழும் நகரும்படி கோக்கப்பட்டிருந்தது. உடம்பைச் சுற்றி இரும்புச் சட்டகம். புஜங்கள் அதோடு பிணைக்கப்பட்டிருந்தன. எழுந்து நிற்கலாம், மல்லாந்து படுக்கலாம். புரண்டு படுக்க முடியாது. ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அப்படி. பார்க்கப் போனவர்களிடம் நோரிஸ் நிதானமாகப் பேசினார். செய்தித்தாள் வாசித்தார். வெளியே நடக்கும் அரசியல் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரைப் பார்த்து வரையப்பட்ட படம் ஊரெங்கும் பரவ, 1815-இல் நாடாளுமன்றக் குழு விசாரணையில் இறங்கியது. இரும்பிலிருந்து விடுவிக்கப்பட்ட நோரிஸ் அதற்குள் இறந்துபோயிருந்தார்.

அந்த விசாரணையில் பெத்லெமின் மருத்துவர் தாமஸ் மன்ரோ சொன்ன பதில் மறக்கத் தக்கதல்ல. சங்கிலி ஏழை நோயாளிகளுக்கே பொருத்தம் என்றார். கனவான் ஒருவரை விலங்கில் போட்டால் அவருக்குப் பிடிக்காது என்றார். கேட்பதற்கு இரக்கமற்ற பேச்சு. ஆனால் அன்றைய நடைமுறையை அது உள்ளபடி சொன்னது. பணம் படைத்தவர் தனியார் இல்லத்தில் தங்குவார். பக்கத்திலேயே ஆள் இருப்பான். எழுந்தால் கூட நடப்பான். கோபம் வந்தால் பிடித்துக்கொள்வான். ஏழைக்கு அந்த ஆளுக்குப் பதிலாக இரும்பு. நோயின் கடுமையைவிடக் கவனிக்க ஆள் உண்டா இல்லையா என்பதே விலங்கைத் தீர்மானித்தது.

பெத்லெமின் மருந்தாளுநர் ஜான் ஹாஸ்லமின் வாதம் இன்னும் விசித்திரமானது. கட்டுச்சட்டையைவிட விலங்கே மேல் என்றார் அவர். விலங்கில் கை ஓரளவு வேலை செய்யும். சட்டையில் மூக்கைத் துடைக்கக்கூட முடியாதே என்பது அவர் கட்சி. நோரிஸை அந்த நிலையில் வைத்திருந்த நிர்வாகத்தின் வாயிலிருந்து வந்ததால் அந்த வாதம் நாறியது. மன்ரோ, ஹாஸ்லம் இருவரும் 1816-இல் பதவி இழந்தார்கள். ஆனாலும் சட்டையைப் பற்றி ஹாஸ்லம் சொன்னதில் உண்மை இருந்தது. இரும்பு கண்ணுக்குக் கொடூரமாகத் தெரியும். துணி அப்படித் தெரியாது. பார்வையாளரின் மனச்சாட்சிக்குத் துணி மென்மையானது. உள்ளே இருக்கும் உடம்புக்கு அந்த மென்மை அவ்வளவாகத் தெரிவதில்லை.

கட்டுச்சட்டையின் தொடக்கத்தை ஒரே ஆள் தலையில் கட்டுவது கடினம். பாரிஸின் பிசேத்ர் மருத்துவமனைக்காக 1790-இல் கில்லெரே என்ற மெத்தைத் தொழிலாளி தைத்தார் என்று சொல்வதுண்டு. ஆனால் அதற்கு முன்பே, 1772-இல், அயர்லாந்து மருத்துவர் டேவிட் மக்பிரைட் தன் மருத்துவ நூலில் இதை விவரித்துவிட்டார். 1788-இன் இறுதியில் அது அரண்மனைக்குள்ளேயே போனது. சித்தம் கலங்கிய மூன்றாம் ஜார்ஜ் மன்னரைக் குணப்படுத்த அழைக்கப்பட்ட பிரான்சிஸ் வில்லிஸ், மன்னர் சொல்பேச்சு கேட்காதபோதெல்லாம் இந்தச் சட்டையை மாட்டினார். கட்டிவைப்பதற்கென்றே ஒரு நாற்காலியும் வந்தது. அதைத் தன் முடிசூட்டு நாற்காலி என்று மன்னரே கசப்போடு கேலி செய்தார். 1789 வசந்தத்தில் மன்னர் தேறினார். நாடு நன்றி வழிபாடு நடத்தியது. தேறியதற்கும் சட்டைக்கும் சம்பந்தம் உண்டா என்று நின்று யோசிக்க யாருக்கும் பொறுமை இல்லை. மன்னருக்கே போட்ட சட்டை என்றானபின் மற்றவர்களுக்குப் போட என்ன தயக்கம்?

பிரான்சில் நடந்ததை ஓவியமாகவே நமக்குக் காட்டிவிட்டார்கள். மருத்துவர் ஃபிலிப் பினெல் நோயாளிகளின் தளைகளை அவிழ்க்கச் செய்யும் காட்சியை டோனி ரொபேர் ஃபிளெரி 1876-இல் வரைந்தார். மனநல மருத்துவத்தின் பிறப்புச் சான்றிதழ் போலவே அந்த ஓவியம் புத்தகங்களில் அச்சாகிறது. நடந்தது சற்று வேறு. பிசேத்ரில் சங்கிலியை 1797-இல் அகற்றியவர் ழான் பாப்திஸ்த் புஸ்ஸேன். மருத்துவர் அல்ல, அந்த வார்டின் மேற்பார்வையாளர். அதே மருத்துவமனையில் காசநோய்க் கழலைக்குச் சிகிச்சை பெற வந்து, தேறி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். சங்கிலிக்குப் பதிலாக அவர் கொண்டுவந்தது கட்டுச்சட்டை. ஓவியத்தில் அதற்கு இடமில்லை. சங்கிலி விழும் ஓசையைத்தான் நாம் கேட்க வேண்டும் என்று ஓவியர் விரும்பினார்.

புஸ்ஸேன் செய்த இன்னொரு காரியத்துக்கு அவ்வளவு புகழ் கிடைக்கவில்லை. நோய் தேறியவர்களிலிருந்தே உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்தார். அந்த அவதியைத் தாமே அனுபவித்தவர்கள் கை ஓங்கத் தயங்குவார்கள், பேசிப் பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. பினெலும் அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். சங்கிலி கழன்றதில் சட்டைக்குள்ள பங்கைவிட இந்த மனிதர்களுக்குள்ள பங்கு பெரியது என்றே நினைக்கத் தோன்றுகிறது. ஆனால் சட்டையை எந்த ஊர் மருத்துவமனையும் தைத்துக்கொள்ளலாம். அத்தகைய ஆட்களைத் தேடிப் பிடித்துச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது எல்லாருக்கும் கைகூடுவதில்லை. பரவியது சட்டைதான்.

திருப்பம் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் வந்தது. ஒரு சாவில் தொடங்கியது. 1829-இல் அங்கிருந்த காப்பகத்தில் நோயாளி ஒருவரைக் கட்டுச்சட்டை மாட்டி, இரவில் கட்டிலோடு வார்போட்டுக் கட்டிவிட்டுப் போனார்கள். காலையில் அவர் பிணமாகக் கிடந்தார். கூட யாரும் இல்லை. அதன்பின் காப்பக நிர்வாகம் ஒரு விதி போட்டது: யாரையாவது இரவில் கட்டிலில் கட்ட வேண்டுமென்றால், விடியும்வரை ஓர் உதவியாளர் அதே அறையில் இருந்தாக வேண்டும். சின்ன விதிதான். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஆள் பக்கத்தில் உட்காரத்தான் போகிறார் என்றால், பிறகு கட்டு எதற்கு? கட்ட வேண்டியவர்கள் என்று நேற்றுவரை சொல்லப்பட்டவர்களில் பலருக்கு அது தேவையில்லை என்று தெரிந்துபோனது.

லிங்கன் செய்த இரண்டாவது காரியம் கணக்கு எழுதியது. யாரை, எதனால், எத்தனை மணி நேரம் கட்டினோம் என்று பதிவேட்டில் குறித்தார்கள். 1830-இல் அங்கே இருந்த 92 பேரில் 54 பேர் கட்டப்பட்டார்கள். மொத்தம் 27 ஆயிரம் மணி நேரத்துக்கும் மேல். மருத்துவர் சார்ல்ஸ்வொர்த் ஒவ்வொரு கருவியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். அவருக்குத் துணையாக வந்த இளம் மருத்துவர் ராபர்ட் கார்டினர் ஹில் அந்தப் பதிவேட்டை உட்கார்ந்து படித்தார். கட்டின நேரம் குறையக் குறைய விபத்தும் கலவரமும் கூடவில்லை என்பதைக் கண்டார். 1837-இல் 130 பேரில் 2 பேர் மட்டும், 28 மணி நேரம். 1838-இல் ஒருவர்கூட இல்லை.

சட்டையைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் ஹில் எதை வைத்தார்? நல்ல உயரமும் பலமும் நிதானமும் உள்ள உதவியாளர்களைப் போதுமான எண்ணிக்கையில் வைத்தார். இரவில் விழித்திருக்கும் காவல் வைத்தார். நோயாளிகளை நிலைமைக்கேற்பப் பிரித்துத் தங்கவைத்தார். அவ்வளவுதான். புதுக் கருவி ஒன்றும் இல்லை. இதற்காக அவருக்கு மாலை மரியாதை கிடைக்கவில்லை. எதிர்ப்பு தாங்காமல் 1840-இல் வேலையை விட்டுப் போனார். புகழ், லண்டனுக்கு மேற்கே ஹான்வெல் காப்பகத்தில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய ஜான் கொனோலிக்குச் சேர்ந்தது. 1839 ஜூனில் பொறுப்பேற்ற கொனோலி, சுமார் 800 பேர் இருந்த அந்தக் காப்பகத்தில் செப்டம்பருக்குள் கட்டுக் கருவிகள் அத்தனையையும் நிறுத்தினார். சிறிய இடம், அங்கே நடக்கும், இங்கே நடக்காது என்று லிங்கனை ஒதுக்கியவர்களுக்கு அதற்குமேல் பேச்சில்லை.

அட்லாண்டிக்குக்கு அப்பால் பேச்சு தொடர்ந்தது. அமெரிக்கக் காப்பகக் கண்காணிப்பாளர்கள் 13 பேர் 1844-இல் கூடிச் சங்கம் அமைத்தார்கள். கட்டுக் கருவிகளை முற்றிலும் கைவிடுவது நோயாளிகளின் நலனுக்கு உகந்ததல்ல என்பது அவர்கள் போட்ட முதல் தீர்மானங்களில் ஒன்று. சிறைகளோ மருத்துவச் சாக்குக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்காம் சிறையில், கைச்சக்கரத்தைக் குறித்த எண்ணிக்கை சுற்றி முடிக்காத கைதிகளைக் கட்டுச்சட்டை மாட்டி, கழுத்தில் விறைப்பான தோல் பட்டை பூட்டி, சுவரோடு நிற்கவைத்துக் கட்டினார்கள். இறைச்சி திருடியதற்காக உள்ளே வந்த 15 வயதுச் சிறுவன் 1853 ஏப்ரலில் தன் அறையில் தூக்கில் தொங்கினான். விசாரணை ஆணையம் வந்தது. சிறை ஆளுநருக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. காப்பகத்தில் சிகிச்சை, சிறையில் தண்டனை, மேடையில் வித்தை. அதே சட்டையிலிருந்து பார்வையாளர் கண்முன்னே நெளிந்து வெளியே வந்துகாட்டித்தான் ஹூடினி கைதட்டல் வாங்கினார்.

கட்டாமை இயக்கத்தின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. கொனோலி சட்டையைக் கழற்றிய இடத்தில் தனியறை வந்தது. மோதினால் அடிபடாமல் இருக்கச் சுவரெல்லாம் தென்னை நார் திணித்த மெத்தை. அது கட்டு இல்லையா என்று அன்றே கேட்டார்கள். காப்பகங்களும் ஊதிப்போயின. 1851-இல் லண்டனில் திறக்கப்பட்ட கோல்னி ஹாட்ச் 1,250 பேருக்கென்றே கட்டப்பட்டது. அத்தனை பேருக்கும் பக்கத்தில் உட்கார ஆள் ஏது? ஹில்லின் முறைக்கு உயிராக இருந்த விகிதம் உடைந்தது. உடைந்த இடத்தில் மருந்து புகுந்தது. தூக்கத்தைத் தரும் குளோரல் 1869-இலிருந்து வார்டுகளில் தாராளமாகப் புழங்கியது. 1952-இல் பாரிஸின் சேன்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்புரோமசைன் மனநோய்க்குப் பயன்படுத்தப்பட்டபோது உண்மையிலேயே ஒரு புது யுகம் பிறந்தது. வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தவர்கள் அமைதியானார்கள். பலர் வீட்டுக்கே திரும்பினார்கள். அந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்டதனம். ஆனால் அதே மருந்தை நோய்க்கு என்றில்லாமல் வார்டின் அமைதிக்காகக் கொடுத்தால் அது ரசாயனக் கட்டுச்சட்டை என்ற சொல்லும் சீக்கிரமே கிளம்பிவிட்டது. இந்தச் சட்டைக்குத் தையல் தெரியாது. அதனால் எண்ணுவதும் கடினம்.

இரும்பு, துணி, மெத்தைச் சுவர், மாத்திரை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட இரக்கமானது என்று சொல்லிக்கொண்டே வந்தது. பெரும்பாலும் அது மெய்யாகவும் இருந்தது. நான்குக்கும் பொதுவானது ஒன்றுதான்: பக்கத்தில் இருக்க வேண்டிய மனிதர் இல்லாத குறையை அவை ஈடுகட்டின. எங்கெல்லாம் ஆள் கூடியதோ அங்கெல்லாம் கட்டு தானாகக் குறைந்தது. ஆள் குறைந்த இடத்தில் புது வடிவில் திரும்பி வந்தது.

இது ஐரோப்பியர் விவகாரம் என்று தள்ளிவிட நமக்கு வழியில்லை. சென்னையில் வாலன்டைன் கொனோலி என்ற அறுவை மருத்துவர் 1794-இலேயே ஒரு காப்பகம் நடத்தினார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வேர் அங்கே இருக்கிறது. இப்போதைய இடத்துக்கு அது வந்தது 1871-இல். ஆக, கட்டுவதா வேண்டாமா என்ற கேள்வி இங்கே இருநூறு ஆண்டுக்கும் மேலான வயதுடையது. நாம் அதற்குக் கொடுத்த விலை 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தெரிந்தது. விடியற்காலையில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள்.

லிங்கனின் 1829-க்கும் ஏர்வாடியின் 2001-க்கும் இடையே 172 ஆண்டுகள். இரண்டு இடத்திலும் இரவு. இரண்டு இடத்திலும் காவலுக்கு விழித்திருக்க வேண்டிய ஆளின் வேலையைக் கட்டு செய்துகொண்டிருந்தது. தீயைச் சங்கிலி பார்க்காது. மூச்சு திணறுவதைக் கட்டுச்சட்டை கேட்காது. லிங்கன் அந்தச் சாவுக்குப்பின் ஓர் ஆளை உட்காரவைத்தது. நாம் ஏர்வாடியில் சங்கிலிக் காப்பகங்களை இழுத்து மூடினோம். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் மூடிய இடத்தில் எத்தனை பேரை உட்காரவைத்தோம் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. மகனைத் திண்ணைத் தூணில் கட்டிப்போட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகும் தாயைக் கொடுமைக்காரி என்பது சுலபம். அவள் வேலைக்குப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, போகாவிட்டால் அடுப்பு எரியாது. அந்த வீட்டுத் தேவை உபதேசம் அல்ல; பகலில் வந்துபோகும் ஒரு செவிலியர், பேருந்து தூரத்தில் தவறாமல் கிடைக்கும் மருந்து.

2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைக் காகிதத்திலாவது புரிந்துகொண்டிருக்கிறது. எந்த வடிவிலும் நோயாளியைச் சங்கிலியில் பிணைக்கக் கூடாது என்கிறது 95-ஆம் பிரிவு. 97-ஆம் பிரிவு தனிமைச் சிறையைத் தடுக்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவைக்கு ஒரு நிமிடமும் கூடாமல் மட்டுமே அனுமதிக்கிறது. முறை, காரணம், நேரம் மூன்றையும் பதிவு செய்ய வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். மாதந்தோறும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு: ஆள் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டி யாரையும் கட்டக் கூடாது. லிங்கனின் அனுபவம் மொத்தமும் அந்த ஒரு வரிக்குள் அடங்கும்.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் அந்த வரி என்ன பாடு படும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. தட்டுப்பாடு உண்மை. சில சமயம், சில நிமிடம், ஒருவரை அழுத்திப் பிடித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. இரவுப் பணியில் தனியாக நிற்கும் செவிலியரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் எந்த நோயாளியும் விடுதலை பெறப்போவதில்லை. கேள்வியைத் திருப்ப வேண்டிய இடம் வரவு செலவுத் திட்டம். ஒரு வார்டில் எத்தனை படுக்கை, இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள், அந்தப் பணியிடங்களில் எத்தனை காலி என்று கேட்டாலே கட்டு எங்கே நடக்கும் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

ஆகவே புதிய சட்டம் எதுவும் வேண்டாம். வாரியத்துக்குப் போகும் மாத அறிக்கைகள், பெயர்கள் நீக்கப்பட்டு, மருத்துவமனை வாரியாக மக்கள் பார்வைக்கு வரட்டும்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், அப்போது பணியில் எத்தனை பேர். மருந்தால் அடக்கியதும் அந்தக் கணக்கில் சேரட்டும். பதிவேட்டின் முதல் ஆண்டு எண்கள் யாருக்கும் பெருமை தராது. 1830-இல் லிங்கனுக்கும் தரவில்லை. 27 ஆயிரம் மணி நேரம் என்று கூசாமல் எழுதிவைத்த காப்பகம்தான் எட்டே ஆண்டுகளில் அதைப் பூஜ்யமாக்கியது. எங்களிடம் யாரையும் கட்டுவதே இல்லை என்று வாயால் சொல்லும் இடத்தைவிட, இத்தனை மணி நேரம் கட்டினோம் என்று எழுதிக் காட்டும் இடத்தை நம்பலாம். அந்த எண் ஆண்டுதோறும் குறைகிறதா என்று கேட்பதே நம் வேலை. குறையவில்லையென்றால் நிரப்பாமல் விட்ட பணியிடங்களுக்கு அரசு பதில் சொல்ல வேண்டும்.